கொட்டாங்குச்சி இல்லாதவ

வாங்கடி பொண்ணுங்களா, உக்காருங்க. முன்னாடி இருக்கறவ கொஞ்சம் தள்ளிக்கோ, பல்லு போன வாயி, பேசறப்ப தெறிக்கும். நாளைலேருந்து தாமல் ஏரிக்கரையில பட்டாளத்துக் கொட்டாய்க்குத் தைக்கப் போறீங்களாமே. சந்தோசம். எனக்கு ஊசியில நூலு கோக்கற கண்ணு போச்சி, இல்லன்னா உங்களை உள்ள விட்டிருக்க மாட்டேன், நானே போயிக்கினு இருந்திருப்பேன்.

சட்டமெல்லாம் அவில்தாரு படிச்சிக் காட்டுவாரு. நெருப்புக்குச்சி கூடாது, பீடி கூடாது, இரும்பு கூடாது, ஓடக் கூடாது, தும்மறதுன்னா வெளிய போய்த் தும்மணும். தும்மறது நான் சேத்தது. படிக்கிறப்ப தூங்காதீங்க. நான் தூங்கினேன், என்னை மட்டும் எழுப்பி நிக்க வெச்சி மறுபடி மொதல்லேருந்து படிச்சாங்க.

நான் சொல்லப் போறது சட்டம் இல்ல. கொட்டாய் பத்திக்கின கதை. அதை அங்க யாரும் படிச்சிக் காட்ட மாட்டாங்க.

அப்போ சீமையில பெரிய சண்டை. சண்டை அங்க, காஞ்ச வயிறு இங்க. கப்பல்ல வர்ற ஜரிகை நின்னு போச்சி. ஜரிகை இல்லாம காஞ்சிபுரத்துப் புடவையை எவ வாங்குவா? தெருவுக்குத் தெரு தறி சும்மா கிடந்திச்சி. ஆம்பளைங்க தறிக்குழியில காலைத் தொங்கப் போட்டுக்கினு வெத்தலை மென்னாங்க. எங்க வூட்டு ஆளு அந்த வேலையை ரொம்ப நல்லாவே செஞ்சாரு, ஒரு எழை அறுக்காம. அந்த நேரத்துலதான் பட்டாளத்துக்காரங்க தெருவுக்கு வந்து, தைக்கத் தெரிஞ்ச பொம்பளைங்க வேணும்னாங்க.

இன்னா தைக்கணும்னா, பை. பீரங்கிக்குள்ள வெடிமருந்து போடற பை. அதுவும் பட்டுல. எங்களுக்குச் சிரிப்பு அடங்கல. கல்யாணத்துக்கு ஒரு பட்டு எடுக்க வழியில்லாம எத்தினி பேரு கிடக்கறாங்க, பீரங்கிக்கு பட்டா, அது இன்னா மாப்பிள்ளை வூட்டு பீரங்கியான்னு கேட்டோம். அவில்தார் பாய்தான் சொன்னாரு. ஆற்காட்டுக்காரரு, நல்ல உசரம், மீசைக்கே தனியா சம்பளம் கொடுக்கலாம். "நூல் துணில கட்டிச் சுட்டா, கந்தலு உள்ளயே கனிஞ்சிக்கினு கிடக்கும்மா. அடுத்த பையைத் தள்றப்ப அது பத்திக்கும். தள்றவன் கை போயிடும். பட்டு முழுசா எரிஞ்சிடும், மிச்சம் வெக்காது"ன்னாரு. அதுக்கப்புறம் நாங்க சிரிக்கல. எவனோ ஒருத்தன் கை எங்க தையல்ல இருக்குதுன்னு புரிஞ்சிச்சி.

ஏரிக்கரையிலேயே குடிசை போட்டுக் கொடுத்தாங்க. அமாவாசைக்கு அமாவாசை காஞ்சிபுரம் வந்து புருசன் மூஞ்சியைப் பாத்துட்டு, வெத்தலைக் கறையைத் தொடச்சி வுட்டுட்டு, திரும்பிப் போவோம். பெரிய வேலி. வேலிக்குள்ள ரெண்டு கொட்டாய். ஒண்ணுல நாங்க தைப்போம். நடுவுல மண்ணுல கரை கட்டியிருப்பாங்க. அதுக்கு அந்தாண்ட இருக்கறதுல ஆம்பளைங்க பையில மருந்து போடுவாங்க. பை ரொம்பினதும் எங்கள்ல ஒருத்தியைக் கூப்பிடுவாங்க, போய் வாயைத் தைச்சிக் கட்டிட்டு வரணும். அதனால வேலிக்குள்ள காலு வெச்ச எல்லாருக்கும் ஒரே சட்டம்.

எங்களுக்கு மேல ஒரு அம்மா இருந்தாங்க. மேஸ்திரியம்மான்னு கூப்பிடுவோம். பேரைச் சொல்ல மாட்டேன், அவங்க வூட்டுக்காரரே சொன்னதில்ல, நான் யாரு சொல்றதுக்கு. தெலுங்கு பேசற நெசவுக்கார வூடு. நம்மகிட்ட தமிழு, கோவம் வந்தா தெலுங்கு. காலைல எப்படி இருக்காங்கன்னு மொத வார்த்தையிலயே தெரிஞ்சிடும், அது ஒரு வசதி.

மொத நாளே தகராறு. ஒடம்புல உலோகம் எதுவும் இருக்கக் கூடாதுன்னு தொரை சொல்லிட்டாரு. எங்க கொட்டாயைப் பாத்துக்கற தொரை, சின்ன வயசு, வெயில்ல வேக வெச்ச நண்டு மாதிரி இருப்பாரு. கொண்டை ஊசியைக் கழட்டினோம். தைக்கற ஊசிகூட பித்தளைதான். அப்புறம் தாலின்னாரு. மேஸ்திரியம்மா முன்னாடி போய் நின்னாங்க.

"தாலியைக் கழட்டச் சொல்றதும் வூட்டுக்காரரைக் கழட்டச் சொல்றதும் ஒண்ணு தொரை. ரெண்டாவதுக்கு இவளுங்கள்ல பாதி பேரு சம்மதிப்பாளுங்க. மொதல்லதுக்கு ஒருத்தியும் சம்மதிக்க மாட்டா."

இதை இங்கிலீசுல சொல்ல வேண்டியவரு ரைட்டர் சாமி. சின்ன காஞ்சிபுரத்து ஐயங்காரு. நல்ல மனுசன், பயந்த மனுசன். அவரு இன்னா சொன்னாரோ, தொரை காது செவந்து போச்சி. கடைசியில தாலியைப் பட்டுத் துணில சுத்தி ரவிக்கைக்குள்ள வெச்சிக்கலாம்னு முடிவாச்சி.

மெட்டிக்கு மட்டும் வழியில்ல, கழட்டித்தான் ஆவணும்னாங்க. வெள்ளி பொறி வுடுமா வுடாதான்னு எனக்குத் தெரியாது, தொரைக்கும் தெரிஞ்சிருக்காது. நாங்க ஒருத்தியும் குனியல. புருசனுக்கு ஆவாதேன்னு பயம். மேஸ்திரியம்மா எங்க பக்கம் திரும்பினாங்க.

"கழட்டினா புருசனுக்கு இன்னா ஆவும்னு பாக்கறீங்க. கழட்டாம உள்ள போய் நீங்க வெந்து போனா அவனுக்கு இன்னா ஆவும்? காரியம் முடிஞ்ச கையோட இன்னொருத்தி காலைப் புடிச்சி மெட்டி போடுவான்."

அவ்வளவுதான், எல்லாரும் உக்காந்துட்டோம். எனக்கு விரல் வீங்கிக் கிடந்து வரவே இல்ல. வெளக்கெண்ணெய் போட்டு இழுத்தேன், அந்த இன்னொருத்தியை நெனச்சிக்கினு.

கழட்டின மெட்டியை எங்க வெக்கறது? கேட்டுக்குப் பக்கத்துல ஒரு பலகை அடிச்சி, ஆளுக்கு ஒரு கொட்டாங்குச்சி வெச்சாங்க மேஸ்திரியம்மா. மஞ்சப் பொட்டு, குங்குமப் பொட்டு, கோடுன்னு அவங்கவங்க அடையாளம். காலைல மெட்டி கொட்டாங்குச்சிக்குப் போவும், சாயங்காலம் காலுக்கு வரும்.

இதுல ஒரு சௌகரியம் கெடைச்சிச்சி. ரைட்டர் சாமி காலைல பேரு கூப்பிடுவாரு. இன்னாரு பொண்டாட்டி, இன்னாரு பொண்டாட்டின்னு புருசன் பேரை உரக்கச் சொல்லுவாரு. நமக்கு வெக்கம், வாயே வராது. பக்கத்துல இருக்கறவ "இருக்கா சாமி"ன்னுவா. ஒருத்திக்கு ஒருத்தி கொரலு கொடுத்துப் பழகி, வராதவளுக்கும் கொரலு வர ஆரம்பிச்சிச்சி. ஒருத்தி வூட்டுல புள்ளை பெத்துக்கினு படுத்திருந்தா, கொட்டாய்ல தெனமும் இருந்தா. அவில்தார் பாய் பேரை நம்பறதை வுட்டுட்டாரு. சாயங்காலம் பலகையைப் பாப்பாரு. கொட்டாங்குச்சி அத்தினியும் காலின்னா எல்லாரும் வெளிய வந்தாச்சி. மெட்டி கிடந்தா எவளோ உள்ள இருக்கா. நம்மள்ல எவளும் மெட்டியை மறந்துட்டு குடிசைக்குப் போவ மாட்டா இல்ல? அவரு கணக்கு என்னிக்கும் தப்பினதில்ல. சேட்டு கல்லாவைப் பாக்கற மாதிரி பலகையைப் பாத்துட்டு நிம்மதியா தொழுவப் போவாரு.

அஞ்சலை அப்புறம் வந்து சேந்தவ. சின்ன வயசு. கல்யாணம் ஆன கொஞ்ச நாள்லயே புருசன் காச்சல்ல போயிட்டான். அண்ணன் வூடுதான் அவளுக்குப் போக்கிடம். சம்பளத்தைக் கொண்டு போய்க் கொடுப்பா, அதனால அமாவாசைக்குப் போனா அண்ணி சோறு போட்டா. அவ காலுல மெட்டி ஏது? பலகை கிட்ட அவ நிக்கவே வேணாம். கேட்டுல நொழைஞ்சி நேரா உள்ள போயிடுவா. அவளை அழுமூஞ்சின்னு நெனச்சிக்காதீங்க. நாங்க குனிஞ்சி மெட்டியோட மல்லுக்கட்டிக்கினு இருக்கறப்ப, "சுமங்கலிங்கள்லாம் மெதுவா வாங்கம்மா, நான் போய் எடம் புடிச்சி வெக்கறேன்"ன்னு சொல்லிக்கினே போவா.

அவ புடிக்கற எடம் ஒண்ணுதான். கடைசி மூலை, பட்டு மூட்டைங்களுக்கு அந்தாண்ட, செவுத்தோரம். ஏன் அங்கன்னு உங்களுக்குத் தெரியாதது இல்ல. காலைல அறுத்தவ மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் ஒரு இது. வாய் தொறந்து யாரும் போன்னு சொல்லல. அவளே போனா, நாங்களும் வுட்டுட்டோம்.

இதுல பச்சையம்மான்னு ஒருத்தி ரொம்ப மோசம். என் பக்கத்துல உக்காந்து தைக்கறவ. அஞ்சலைக்கு அவ வெச்ச பேரு வெறுங்காலு. வெறுங்காலு எந்தப் பக்கம் நிக்கறா, எப்ப எந்திரிக்கறா, எந்த வழியா வர்றான்னு பாத்துக்கினே இருப்பா. எதுக்கு? அவளைப் பாக்காம இருக்கறதுக்கு. அஞ்சலை எந்திரிச்சா இவ தலை அந்தப் பக்கம் திரும்பும், வாயி ரெண்டு சாமி பேரை முணுமுணுக்கும், அவ தாண்டிப் போனதும் தலை திரும்ப வரும். செக்கு மாடு மாதிரி. நான் அதைப் பாத்துப் பாத்துச் சிரிச்சி ஊசியால கையைக் குத்திக்கினது உண்டு.

பத்திக்கின அன்னிக்கு நல்ல வெயிலு. நாங்க சாப்பிட்டுட்டு வந்து உக்காந்தாச்சி, மருந்து போடற ஆம்பளைங்க சாப்பிடப் போயிருந்தாங்க. அது புண்ணியம். திடீர்னு தரை ஒரு தூக்குத் தூக்கிச்சி. சத்தம் அப்புறம்தான் வந்த மாதிரி எனக்கு. மண் கரைக்கு அந்தாண்ட மருந்துக் கொட்டாயைக் காணோம். அது மேல இருந்த கீத்து எரிஞ்சிக்கினே பறந்து வந்து எங்க கூரையில உக்காந்திச்சி.

ஓடக் கூடாதுன்னு சட்டம் இருந்திச்சே, அதை அன்னிக்கு எவளும் நெனப்பு வெச்சிக்கல.

வெளிய புளிய மரத்தடிக்கு வந்து விழுந்தோம். அழுவறவ அழுவறா, எவ புடவையையோ எவளோ புடிச்சிக்கினு நிக்கறா. அவில்தார் பாய் ஆளுங்களை ஏரிக்கு ஓட வுட்டு தோல் பையில தண்ணி கொண்டாரச் சொல்றாரு. தொரை தொப்பி இல்லாம ஓடி வந்து, உள்ள யாராவது இருக்காங்களான்னு கத்தறாரு. ரைட்டர் சாமி பேரு கூப்பிட ஆரம்பிச்சாரு. எவ பேரைக் கூப்பிட்டாலும் பத்து கொரலு வருது. இருக்கா, இருக்கான்னு. ஒருத்தி தன் பேருக்கே "அவ இருக்கா சாமி"ன்னா.

மேஸ்திரியம்மா பலகையைத் தூக்கிக்கினு வந்து எங்க நடுவுல வெச்சாங்க.

"மெட்டியைப் போடுங்கடி."

பைத்தியம் புடிச்சிடுச்சின்னுதான் நெனச்சோம். கொட்டாய் எரியுது, இவங்க மெட்டி போடச் சொல்றாங்க. மறுபடி சொன்னாங்க, சத்தமே போடாம. இன்னா செய்யறதுன்னு தெரியாத நேரத்துல கைக்குத் தெரிஞ்ச வேலையைக் கொடுத்தா கை அதைச் செய்யும் பாருங்க. எல்லாரும் உக்காந்தோம். அவங்கவங்க கொட்டாங்குச்சி, அவங்கவங்க மெட்டி. அழுகையும் நின்னுச்சி. மெட்டி போட்டுக்கினே அழ முடியாது, செஞ்சி பாருங்க.

எல்லாக் கொட்டாங்குச்சியும் காலி. மேஸ்திரியம்மா ஒண்ணு வுடாம பாத்தாங்க. நிமிந்து, "எல்லாரும் வந்தாச்சி"ன்னாங்க.

தொரை உடனே ஆளுங்களை எங்க கொட்டாய்லேருந்து எடுத்தாரு. மண் கரைக்குப் பின்னாடி தள்ளி மருந்துப் பொட்டி இன்னும் அடுக்கி வெச்சிருந்திச்சி, அது பத்தினா ஏரிக்கரையே இருக்காது. அங்க போங்கன்னாரு. சரியான புத்திதான். காலிக் கொட்டாய்க்கு எவன் தண்ணி ஊத்துவான்?

அப்போதான் பச்சையம்மா தலையைத் திருப்பினா. பழக்கம். எங்க போனாலும் மொதல்ல வெறுங்காலு எந்தப் பக்கம்னு பாத்து அதுக்கு எதிர்ப் பக்கம் திரும்பறவ இல்லையா. இந்தப் பக்கம் பாத்தா. அந்தப் பக்கம் பாத்தா. எந்தப் பக்கம் திரும்பிக்கறதுன்னு அவளுக்குத் தெரியல.

"எங்கடி அந்த வெறுங்காலு?"ன்னா என்கிட்ட.

நான் மேஸ்திரியம்மாவைப் பாத்தேன். அவங்க காதுல விழுந்துடுச்சி. அந்த மூஞ்சியை நான் இன்னும் மறக்கல. பலகையை ஒரு தரம் பாத்தாங்க, அதுல பாக்க இன்னா இருக்குது. கத்தல, மாருல அடிச்சிக்கல. நேரா அவில்தார் பாய் கிட்ட போனாங்க.

"தைக்கற கொட்டாய். பின்பக்கம், மூட்டைக்கு அந்தாண்ட, செவுத்தோரம். ஒருத்தி."

பாய் ஏன், யாரு, எப்படின்னு ஒரு கேள்வி கேக்கல. "ஜல்தி"ன்னாரு. ரெண்டு ஆளை மட்டும் இழுத்துக்கினு ஓடினாரு. முன்பக்கம் நெருப்பு. பின்னாடி மண் செவுரு. கடப்பாரை எடுக்கப் போனவனைத் தடுத்து, இரும்பு வேணாம்னுட்டு, வேலி மரத்தைப் பிடுங்கி இடிச்சாங்க. நாங்களும் போய்ப் புடிச்சோம். செவுரு உள்ள விழுந்திச்சி.

அவ மூட்டைங்களுக்கு நடுவுல சுருண்டு கிடந்தா. இறுக்கிக் கட்டின பட்டு லேசுல பத்தாது, மேல கருகிச்சி, உள்ள போவல. கூரை விழுந்தப்ப கையால தடுத்திருக்கா. ரெண்டு கையும் வெந்து போச்சி. முடி போச்சி. மூச்சு இருந்திச்சி.

ஒருத்தி சாணிங்கறா, ஒருத்தி எழுதற மையை ஊத்துங்கறா. மேஸ்திரியம்மா தெலுங்குல ஒரு வார்த்தை சொன்னாங்க, எல்லாரும் வாயை மூடினோம். ஏரித் தண்ணியை ஊத்திக்கினே இருந்தாங்க, ஊத்திக்கினே இருந்தாங்க. அப்புறம் நாங்க தைச்சி வெச்சிருந்த புதுப் பட்டுல கையைச் சுத்தினாங்க. தண்ணி வண்டியில ஏத்தி காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பறப்ப, மடியில தலையை வெச்சிக்க யாராவது ஏறுங்கன்னாங்க. ஏறினது யாருன்னு நெனக்கறீங்க? பச்சையம்மா. மடியில வெச்சிக்கினா. மூஞ்சியை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கினு இருந்தா. காஞ்சிபுரம் வரைக்கும் அப்படியேதான் போனாளாம்.

நெருப்பு அணைஞ்சாலும் வேலை முடியல. பட்டணத்துலேருந்து பெரிய தொரை வர்றாரு, எப்படிப் பத்திச்சின்னு விசாரிப்பாருன்னு சேதி வந்திச்சி.

எப்படிப் பத்திச்சின்னு கொஞ்சப் பேருக்குத் தெரியும். மருந்துப் பொட்டி வர்ற வண்டி வேலிக்கு வெளியவே நிக்கணும், ஆளுங்க தூக்கிக்கினு உள்ள வரணும், அதான் சட்டம். சக்கரத்துல இரும்புப் பட்டை, மாட்டுக் காலுல லாடம். மறுநாளு எவரோ பெரியவங்க முன்னாடி பீரங்கி சுட்டுக் காட்டணும்னு நம்ம தொரைக்கு அவசரம். ஆளுங்க சாப்பிடப் போயிட்டாங்க, வண்டியைக் கொட்டாய் வாசலுக்கே வுடுங்கன்னுட்டாரு. கல்லு மேல லாடம் பட்டு பொறி பறந்திருக்குது. வெடிச்ச வேகத்துல வண்டிக்காரன் தூரப் போய் விழுந்து காலு ஒடிஞ்சி, நெனப்பு இல்லாம ஆஸ்பத்திரியில கிடந்தான். ஒரு மாடு செத்துப் போச்சி. அந்த மாட்டை அன்னிக்கு சாயங்காலமே லாடத்தோட இழுத்துக்கினு போய்ப் பொதைச்சிட்டாங்க. எதுக்கு அவ்வளவு அவசரம்னு அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்திச்சி.

விசாரணைக்கு மொத நாளு ரைட்டர் சாமி எங்க குடிசைப் பக்கம் வந்தாரு. அவரு அந்தப் பக்கம் வந்ததே இல்ல.

"பாருங்கோம்மா, ஏதாவது ஒண்ணு சொல்லியாகணும். அஞ்சலை ஒருத்திதான் கேட்டுல நிக்காம உள்ள போறவ. பை வாய் கட்டப் போனப்ப மடியில இரும்பு ஏதாவது இருந்திருக்கலாம். இருந்ததுன்னு சொல்லலை. இருந்திருக்கலாம்னுதான்."

மேஸ்திரியம்மா வெத்தலையை மடிச்சிக்கினே கேட்டாங்க. "இருந்திருக்கலாம்னா, உங்க குடுமியிலகூட இருந்திருக்கலாமே சாமி."

"விளையாடாதே. பாய்க்கு கைப்பட்டை போயிடும். தொரைக்கே ஆபத்து. என் பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. அஞ்சலைக்குப் போறதுக்கு என்ன இருக்கு, நீயே சொல்லு."

அவளுக்குப் போறதுக்கு இன்னா இருந்திச்சின்னு எங்களுக்குத் தெரியும். ஜெயிலுக்குக்கூட அனுப்பலாம். அனுப்பலன்னாலும், கொட்டாயைக் கொளுத்தினவன்னு பேரு வந்தா அண்ணி கதவைச் சாத்திடுவா. வெந்த கையோட எந்தத் தெருவுல நிப்பா? தெரிஞ்சிக்கினும் சும்மா இருந்தோம். ஆளுக்கு ஒரு வூடு, ஆளுக்கு ஒரு பயம். நானும்தான் ஒரு மூலையில சுண்டெலி மாதிரி உக்காந்திருந்தேன்.

மேஸ்திரியம்மா எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. திரும்பி வந்து ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க. "அன்னிக்கு அவளை வாய் கட்டவே கூப்பிடலையாம். எடத்தை வுட்டு எந்திரிக்கலையாம்."

"அதை யாரும்மா நம்புவாங்க?"ன்னேன்.

அவங்க பச்சையம்மாவையே பாத்துக்கினு இருந்தாங்க.

புளிய மரத்தடியில மேசை போட்டு பெரிய தொரை உக்காந்தாரு. நாங்க தரையில. ரைட்டர் சாமி நடுவுல நின்னு அந்தப் பேச்சை இங்கயும் இந்தப் பேச்சை அங்கயும் கொண்டு போறாரு. அஞ்சலை பேரு வந்திச்சி. கேட்டுல நிக்காதவ, சோதனை இல்லாம உள்ள போறவ. பெரிய தொரை தலையை ஆட்டிக்கினு எழுதறாரு. முடிஞ்சிச்சின்னு நெனச்சேன்.

"சாமி, இவளைக் கேளுங்க"ன்னு மேஸ்திரியம்மா பச்சையம்மா முதுவைப் புடிச்சித் தள்ளினாங்க. அவ முந்தானையை இழுத்துப் போத்திக்கினு நின்னா.

ரைட்டர் சாமி கேட்டாரு. "அஞ்சலை அன்னிக்கு மருந்துக் கொட்டாய்க்குப் போனாளா?"

"போவல சாமி. மூலையை வுட்டே எந்திரிக்கல."

"உனக்கெப்படித் தெரியும்? நீ தைச்சிண்டிருந்தியா, அவளைப் பாத்துண்டிருந்தியா?"

"பாக்கல சாமி. அவளைப் பாக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். அவ எந்திரிச்சா என் எதிர்லதான் வரணும். நான் தலையைத் திருப்பிக்கணும், ரெண்டு சாமி பேரு சொல்லணும். அன்னிக்கு உக்காந்ததுலேருந்து நான் ஒரு தரமும் திருப்பல. சொல்லவும் இல்ல."

எதிர்ல அறுத்தவ வந்தா வூட்டுக்குத் திரும்பிப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வர்ற மனுசன் ரைட்டர் சாமி. பச்சையம்மா சொன்னது பொய்யா நெசமான்னு அவருக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? மெதுவா இங்கிலீசுல சொன்னாரு. பெரிய தொரைக்குப் புரியல. மறுபடி சொன்னாரு. அவருக்குப் புரியறதுக்குள்ள தறிக்கு ஒரு பாவு நூலை நீட்டி முடிச்சிருக்கலாம். புரிஞ்சதும் எங்க எல்லாரையும் ஒரு சுத்துப் பாத்தாரு. தெனமும் இப்படித்தானான்னு கேக்கச் சொன்னாரு.

"தெனமும்தான் சாமி"ன்னா பச்சையம்மா, பெருமையா.

அப்புறம் மேஸ்திரியம்மா எழுந்தாங்க.

"கேட்டுல நிறுத்திப் பாக்கறது என் வேலை. அவளை நான் ஒரு நாளும் நிறுத்தல. பலகையில அவளுக்கு எடம் வெக்கல. பத்தினப்ப எல்லாரும் வந்தாச்சின்னு சொன்னது என் வாயி. இது என் தப்பு, எழுதிக்கச் சொல்லுங்க. மருந்து எப்படிப் பத்திச்சின்னு நான் பாக்கல. பாத்தவங்க இங்க நின்னுக்கினு இருக்காங்க."

உக்காந்துட்டாங்க. யாரையும் பாக்கல, தரையில ஒரு புளியம் ஓட்டைப் பொறுக்கி ஒடைச்சிக்கினு இருந்தாங்க.

அவில்தார் பாய் ரெண்டு அடி முன்னாடி வந்து சலாம் அடிச்சாரு. "வண்டியை நான் உள்ள வுட்டேன்"ன்னாரு. யாரு வுடச் சொன்னாங்கன்னு சொல்லல. அதுக்கப்புறம் நம்ம தொரையால சும்மா நிக்க முடியல. தொப்பியைக் கழட்டினாரு, இங்கிலீசுல என்னமோ சொன்னாரு. யாரும் கேக்காமலே ரைட்டர் சாமி எங்க பக்கம் திரும்பி, "தான் சொல்லித்தான் பாய் விட்டார்னு தொரை சொல்றார்"ன்னாரு. அதைச் சொல்றப்ப அவரு கொரலு நடுங்கல. அவருக்கு அன்னிக்குத்தான் கொரலு இருந்ததே தெரிஞ்சிச்சி.

தொரையை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. பாய்க்கு கைப்பட்டையில ஒண்ணு போச்சி, மீசை போவல. மேஸ்திரியம்மாவை வேலையை வுட்டு அனுப்பிட்டாங்க. மொதல்ல வாயைத் தொறந்தவங்க அவங்க, மொதல்ல போனதும் அவங்க. இது நியாயமான்னு என்னைக் கேக்காதீங்க. நாங்க சுத்தி நின்னு அழுதோம். "வெளிய போய் அழுங்கடி, பட்டுல கறை படும்"ன்னாங்க. மூட்டையைத் தலையில வெச்சிக்கினு கரை மேலயே நடந்து போனாங்க. எதுனா கைதவறி தப்பு பண்ணிட்டு மறைக்கத் தோணினா இன்னிக்கும் எனக்கு அந்த நடைதான் கண்ணு முன்னாடி வரும்.

அஞ்சலை ரொம்ப நாளு கழிச்சி வந்தா. விரலெல்லாம் ஒட்டிக்கினு இருந்திச்சி, ஊசி புடிக்க வராது. பாய் அவளைக் கேட்டுல நிக்க வெச்சாரு. உள்ள வர்றவங்களைப் பாத்து எண்ணி அனுப்பற வேலை. எங்களுக்குள்ள பெரிய கலாட்டா. தெனமும் காலைல மொத மூஞ்சி அவ மூஞ்சியா? நாங்க வேலைக்கு வரமாட்டோம்னுகூடச் சொன்னோம். பாய், "வராதீங்க"ன்னுட்டாரு. மறுநாளு எல்லாரும் போயிட்டோம்.

பலகை கிட்ட அவ நின்னா. கொட்டாங்குச்சி மெட்டிக்கு மட்டும்தான், கணக்குக்கு இல்லன்னு சொல்லிட்டா. "உன் பேரை நீயே சொல்லு. புருசன் பேரு வேணாம். என் மூஞ்சியைப் பாத்து சொல்லு. நான் உன்னைப் பாத்து திருப்பிச் சொல்லுவேன். அப்புறம் உள்ள போ." மருந்துக் கொட்டாய் ஆம்பளைங்க, பாய், ரைட்டர் சாமி, எல்லாருக்கும் அதேதான். இன்னிக்கும் அந்தக் கேட்டுல அவதான் நிக்கறா. உங்களையும் கேப்பா.

அந்த மொத நாளு எனக்குப் பின்னாடி பச்சையம்மா. கண்ணை இறுக்கி மூடிக்கினு, என் முந்தானையைப் புடிச்சிக்கினே வந்தா. நான் பேரைச் சொல்லிட்டு உள்ள போயிட்டேன், முந்தானையையும் இழுத்துக்கினேன். அவ நடுவுல மாட்டிக்கினா.

"கண்ணைத் தொற"ன்னா அஞ்சலை.

"மாட்டேன்."

"அப்போ நீ வரல. வராதவளை நெருப்புல எவ தேடுவா?"

பின்னாடி இருந்தவளுங்க முணுமுணுக்க ஆரம்பிச்சாளுங்க. அப்புறம் பச்சையம்மா ஒரு கண்ணைத் தொறந்தா.

"பாதி பச்சையம்மா வந்தாச்சி"ன்னா அஞ்சலை.

யாரு மொதல்ல சிரிச்சதுன்னு தெரியல. நானாதான் இருக்கும். பச்சையம்மாவுக்கே அடக்க முடியல, சிரிப்புல ரெண்டாவது கண்ணும் தொறந்துடுச்சி. தொறந்த கண்ணை அவ திருப்பிக்கல. வண்டியில மடியில வெச்சிக்கினு போனப்ப பாக்காத மூஞ்சியை, கருகின புருவத்தை, மொளைச்சிக்கினு வர்ற முடியை, எல்லாத்தையும் நின்னு பாத்தா.

"பச்சையம்மா"ன்னா அவ.

"பச்சையம்மா"ன்னா இவ.